அன்னம்மாளுக்கு மெழுகுவர்த்தி, மாரியம்மனுக்குக் கற்பூரம்

பினாங்கின் நிபோங் திபாலில் ரயில் ஏறினால் புக்கிட் மெர்தாஜாம் அரை மணி நேரம்தான். ஜூலை கடைசி வாரத்தில் அந்த ரயிலில் வருபவர்களைக் கவனித்தால் ஒன்று புரியும். நெற்றியில் திருநீறும் கழுத்தில் தாலியும் மஞ்சள் சேலையுமாகப் பல பெண்கள் இருப்பார்கள். அவர்கள் போவது அம்மன் கோயிலுக்கு அல்ல, புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழாவுக்கு.

ஜூலை 26 அன்னம்மாளின் நாள். அதையொட்டிப் பத்து நாள் விழா நடக்கும். ஆங்கிலம், மலாய், மாண்டரின், தமிழ் என நான்கு மொழிகளிலும் பூசை உண்டு. இங்கே விசுவாசத்தை விதைத்தவர்கள் பிரெஞ்சுக் குருமார்கள். பழைய கோயில் 1888இல் கட்டப்பட்டது. மினாங்கபாவ் பாணிக் கூரையோடு இன்று நிற்கும் பெரிய ஆலயம் 2002இல் திறக்கப்பட்டது. 2019இல் வத்திக்கான் இதற்குப் பசிலிக்கா தகுதியும் அளித்தது.

இந்த விவரமெல்லாம் வருபவர்களில் பலருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. வேண்டுதல் வைத்தார்கள், நடந்தது, மெழுகுவர்த்தி ஏற்ற வந்திருக்கிறார்கள். மலையடிவாரத்து ஊற்றில் தண்ணீர் பிடிக்கிறார்கள். குழந்தையின் தலையில் கொஞ்சம் தெளித்துவிட்டு மீதியை மினரல் வாட்டர் போத்தலில் நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சீனர்கள் ஊதுபத்தி பிடிக்கும் பழக்கத்தில் இரு கைகளையும் குவித்து நிற்கிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவரா என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

கிறிஸ்தவத்துக்கு வெளியே இருக்கும் தமிழர் அதைப் பார்க்கும் பார்வையில் இது ஒரு பாதி. கொடியேற்றம், தேர், நேர்த்திக்கடன், தாய்த்தெய்வம் என எல்லாமே பழகியவை. தமிழ்நாட்டு வேளாங்கண்ணியிலும் இதே கதைதான். ஆகஸ்டு 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை மொட்டை போடவும் காது குத்தவும் அங்கே வரும் இந்துக் குடும்பங்கள் ஏராளம். மலேசியாவில் பல தோட்டத்து வீடுகளில் சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாதா படமும் இருக்கும். மாலை விளக்கு இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

படித்தவர்களின் வியப்பு வேறு வகை. மலைப்பிரசங்கத்தை மாணவப் பருவத்தில் லண்டனில் படித்த காந்தி அதைக் கடைசிவரை விடவில்லை. மதமாற்றத்தை அவர் ஏற்கவும் இல்லை. கிருஷ்ணனைப் பாடிய கண்ணதாசன்தான் யேசு காவியமும் எழுதினார். ஆக, இயேசுவை ஏற்பதில் இவர்களுக்குச் சிக்கல் இருந்ததாகத் தெரியவில்லை. சபையில் சேரச் சொல்லும்போதுதான் முகம் மாறுகிறது.

அப்படி முகம் மாறியவர்களில் முக்கியமானவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவர் வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர் அல்ல. வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கம் செய்ய உதவியவர். 1848இல் அந்த வேலையை விட்டார். அதே ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அச்சுக்கூடம் வைத்தார், கோயிலில் பிரசங்கம் செய்தார், பாதிரிமாரின் தாக்குதலுக்குப் பதிலாக 1854இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளியிட்டார். பள்ளி, அச்சு, பிரசங்கம் ஆகிய மூன்றுமே மிஷனரிகள் கையாண்ட கருவிகள். எதிர்த்தவர் எதிராளியிடமே பாடம் கற்றார் என்பது இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

பினாங்கிலும் கிறிஸ்தவம் பலருக்கு முதலில் பள்ளிக்கூடமாகத்தான் அறிமுகமானது. செயின்ட் சேவியர்ஸ், லைட் ஸ்திரீட் கான்வென்ட் இரண்டும் 1852இல் வந்தவை. நிபோங் திபாலிலேயே மெதடிஸ்ட் பெயரில் இடைநிலைப்பள்ளி இருக்கிறது. மிஷன் பள்ளி என்றால் கண்டிப்பு, நல்ல இங்கிலீஷ், அரசாங்க வேலை. பால்மரம் சீவிய அப்பாக்களுக்கு அது போதும். பைபிள் வகுப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைய உரசல் வேறு இடத்தில். மலேசியாவில் கிறிஸ்தவர்கள் 9.1 விழுக்காடு, இந்துக்கள் 6.1 விழுக்காடு என்கிறது 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முஸ்லிம்களிடம் பிற மதத்தைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு இடம் தருகிறது. இந்துக்கள் விஷயத்தில் அப்படிப்பட்ட ஏற்பாடு கிடையாது. சிறு சபைகளின் ஜெபக் கூட்டங்கள், நோயாளி வீட்டுக்குப் போய் ஜெபிப்பது எல்லாம் தாமான்களில் சாதாரணம். நோயில் கிடப்பவருக்கு அது ஆறுதல். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஆள் பிடிக்கும் வேலை. இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு.

அப்போதும் மக்களைப் புண்படுத்துவது வேதாந்தச் சர்ச்சை அல்ல. மாறிய பிள்ளை பிரசாதத்தை வாங்க மறுக்கிறது. பாட்டி பூசவந்த திருநீற்றுக்கு நெற்றியைத் திருப்பிக்கொள்கிறது. அதுதான் குத்துகிறது. கத்தோலிக்கர்கள் மீது இந்த மனத்தாங்கல் குறைவு, அவர்கள் பொங்கலும் வைப்பார்கள், பொட்டும் வைப்பார்கள். வெளியாள் பார்வையில் கிறிஸ்தவம் ஒன்றல்ல, குறைந்தது இரண்டு.

எல்லாவற்றிலும் கடினமானது சாவு வீடு. ஒரே மகன் மதம் மாறியிருந்தால் கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வி, பிணத்தைக் கூடத்தில் வைத்துக்கொண்டு எழுகிறது. பங்காளிகள் ஒரு பக்கம், சபைக்காரர்கள் ஒரு பக்கம். அந்த நேரத்தில் யாரும் நிதானமாகப் பேசமாட்டார்கள். இப்படிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில், பெற்றோர் நன்றாக இருக்கும்போதே இதை உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிடுங்கள்.