பிரீ ஆம்ப், பவர் ஆம்ப்: ஓம் கணக்கு

திருவரங்குளம் பக்கம் இன்னும் பல வீடுகளில் பாடுவது அசெம்பிள் செட்தான். பேஸ்-டிரெபிள் போர்டு (பிரீ ஆம்ப்) ஒரு கடை, பவர் போர்டு (பவர் ஆம்ப்) இன்னொரு கடை. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் சேர்ப்பவர் புதுக்கோட்டை மெக்கானிக். தனித்தனியே நன்றாக இருந்தவை சேர்ந்ததும் சத்தம் சோடை போகும். கேட்டால், "இம்பீடன்ஸ் மேட்ச் ஆகல" என்பார்கள்.

மேட்ச் என்றதும் இரண்டு பக்கமும் ஒரே ஓம் இருக்க வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். அது தொலைபேசிக் காலத்துக் கணக்கு. கிலோமீட்டர் கணக்கில் நீண்ட கம்பிக்கு இரு முனையிலும் 600 ஓம் வைத்தார்கள். திருச்சி வானொலி நிலையம் வந்த 1939 காலத்து ஒலிபரப்புக் கருவிகளும் அந்த வழியையே பின்பற்றின. பெட்டிக்குள் ஓடும் ஒரு சாண் ஒயருக்கு அது தேவையில்லை. பவர் ஆம்புக்குப் போய்ச் சேர வேண்டியது வோல்டேஜ் மட்டும்தான்.

பிரீ ஆம்ப் அவுட்புட் 1 கே (ஆயிரம் ஓம்), பவர் ஆம்ப் இன்புட்டும் 1 கே என்றால் பாதி வோல்டேஜ் வழியிலேயே போய்விடும். இன்புட் 10 கே ஆனால் இழப்பு பதினொன்றில் ஒரு பங்கு, 1 டெசிபெல்கூட இல்லை. அதனால்தான் இன்புட் குறைந்தது பத்து மடங்கு இருக்கட்டும் என்பது. கூடினால் குற்றமில்லை. டிடிஏ 2030 ஐசிக்குத் தயாரிப்பாளர் தந்த சர்க்யூட்டில் இன்புட் 22 கே. 4558 ஐசி போட்ட பிரீ போர்டின் அவுட்புட் பொதுவாகச் சில நூறு ஓம்தான். தாராளமாகப் பொருந்தும். தகராறு வால்வு பிரீ ஆம்பில். 12ஏஎக்ஸ்7 வால்வின் பிளேட்டிலிருந்து நேராக எடுத்தால் அவுட்புட் பல பத்து கே வரும்.

ஓம் பொருந்தியும் சில செட்டில் பேஸ் மெலிந்துவிடும். அப்படியானால் அது எங்கே போகிறது? முதலில் இரண்டு போர்டுக்கும் நடுவில் இருக்கும் கெப்பாசிட்டரைப் பாருங்கள். 22 கே இன்புட்டுக்கு 1 மைக்ரோ ஃபாரட் இருந்தால் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். அந்த இடத்தில் 104 என்று அச்சடித்த சின்ன கெப்பாசிட்டரை வைத்தால், அது 0.1 மைக்ரோதான், 72 ஹெர்ட்ஸிலேயே சரிவு தொடங்கிவிடும். இளையராஜா பாட்டின் பேஸ் கிட்டாரில் அடித்தந்தி ஒலிப்பது 41 ஹெர்ட்ஸ். அது பாதியாகத்தான் உள்ளே போகும். பழியோ ஸ்பீக்கருக்கு! 105 என்று அச்சடித்ததை மாற்றிப் போடுங்கள், சில ரூபாய்ச் செலவுதான்.

சப் ஊஃபர் போர்டையும் அதே அவுட்புட்டில் கோத்தால் இரண்டு 22 கே சேர்ந்து 11 கே ஆகிவிடும். பத்து மடங்குக் கணக்கை மறுபடி போட வேண்டும். ஹம் அடித்தால் அது பெரும்பாலும் எர்த் கோளாறு, ஓம் கோளாறு அல்ல.

போர்டுக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள இந்த ஓம் தாராளம் ஸ்பீக்கர் பக்கம் செல்லாது. போர்டுக்குச் சொன்ன ஓமுக்குக் கீழே ஸ்பீக்கரை இறக்கினால் கரண்ட் ஏறி அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.