நாய்க்கடியும் நம் உடலின் காவலும்

மூச்சுக்காற்றிலும், பருகும் நீரிலும், தொடும் பொருள்களிலும் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் நிறைந்துள்ளன. ஆயினும் நாம் பெரும்பாலான நாள்களை நலமாகவே கழிக்கிறோம். நம் உடலில் இயற்கையாக அமைந்துள்ள நோயெதிர்ப்பாற்றலே அதற்குக் காரணம். எனினும், அவ்வாற்றல் தன் பணியைச் செய்து முடிக்கச் சில நாள்கள் தேவைப்படுகின்றன. அந்த நாள்கள் கிடைக்காமற்போனால் என்ன நேரும் என்பதற்கு வெறிநாய்க்கடி நோய், அதாவது ரேபிஸ், ஒரு கடுமையான சான்று.

கொமரலிங்கம், மடத்துக்குளம், உடுமலை வட்டாரங்களில் விடியுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்வோரும், நூற்பாலையிலும் பனியன் கம்பெனியிலும் ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்புவோரும், ஆடு மாடு மேய்ப்போரும், தெருவில் விளையாடும் குழந்தைகளும் நாய்களை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். ஆகவே இந்நோயைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் அவசியம்.

உடலின் இருவகைக் காவல்

கிருமிகளைத் தடுக்கும் முதல் அரண் நம் தோல். தோல் கிழிந்து கிருமி உள்ளே நுழைந்தால், இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் சில வகை அணுக்கள் சில மணி நேரத்திற்குள் அவ்விடத்தில் திரண்டு, கிருமிகளை விழுங்கி அழிக்க முற்படுகின்றன. காயம் சிவந்து, வீங்கி, சூடேறுவது இதனால்தான். எந்தக் கிருமி என்று பாராமல் எதிர்க்கும் பொதுக்காவல் இது.

இரண்டாவது காவல், குறிப்பிட்ட கிருமியை அடையாளம் கண்டு அதற்கென்றே படை திரட்டுவது. கிருமியின் கூறுகளைச் சில அணுக்கள் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் ‘நெறி கட்டுகிறது’ என்கிறோமே, அந்த இடம்தான் நிணநீர்க் கணு. அங்கே அக்கிருமிக்குப் பொருத்தமான எதிர்ப்பொருள்கள் உருவாகும் பணி தொடங்குகிறது. முதன்முறை சந்திக்கும் கிருமியாயின், எதிர்ப்பொருள்கள் போதிய அளவில் உருவாக ஏறத்தாழ 7 முதல் 14 நாள்கள் ஆகும். அதே கிருமி மீண்டும் வந்தால், நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் விரைந்து செயற்படும். தடுப்பூசிகள் அனைத்தும் இந்த நினைவாற்றலை நம்பியே அமைந்தவை.

மறைந்து செல்லும் கிருமி

நோயுற்ற நாயின் உமிழ்நீரில் இருக்கும் ரேபிஸ் வைரஸ், கடித்த காயத்தின் வழியே தசையை அடைந்து, பின்னர் நரம்புக்குள் புகுந்துகொள்கிறது. நரம்புக்குள் புகுந்த கிருமியை எதிர்ப்பொருள்களால் எளிதில் நெருங்க இயலாது. நோயெதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளுமுன், அது நரம்பு வழியே சிறிது சிறிதாக மூளையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் 1 முதல் 3 மாதங்களில் நோய்க்குறிகள் தோன்றும். சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டுக்குப் பின்னரும் தோன்றுவதுண்டு. தலை, முகம், கழுத்து, கை ஆகிய இடங்களில் கடிபட்டால் ஆபத்து மிகுதி. நீரைக் கண்டு அஞ்சுதல் முதலிய குறிகள் தோன்றிவிட்டால், உயிரைக் காப்பது ஏறக்குறைய இயலாத செயல்.

ஆயினும், கடிபட்டதற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையில் கிடைக்கும் நாள்களே நமக்குள்ள வாய்ப்பு. மற்ற நோய்கள் பலவற்றுக்குக் கிருமி தொற்றுமுன் தடுப்பூசி போடுகிறோம். இந்நோய்க்கோ கடிபட்ட பின்னரும் போட்டு உயிரைக் காக்க முடிகிறது.

குன்னூர் தந்த பாதுகாப்பு

1885 ஜூலையில் பிரான்சு நாட்டின் லூயி பாஸ்டர், வெறிநாயால் கடிக்கப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்குத் தாம் உருவாக்கிய தடுப்பு மருந்தைச் செலுத்தினார், சிறுவன் பிழைத்தான். ஆனால் தென்னிந்திய மக்களுக்கு அச்சிகிச்சை எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற இளம்பெண் இந்நோயால் உயிரிழந்தது பலரையும் சிந்திக்க வைத்தது. அதன் விளைவாக, 1907-ஆம் ஆண்டு நீலகிரி மலையில் உள்ள குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டது.

அக்காலத் தடுப்பு மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து தயாரிக்கப்பட்டது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்று பெரியவர்கள் இன்றும் அஞ்சிக் கூறுவது அதனைத்தான். அம்மருந்து நிறுத்தப்பட்டு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போதைய தடுப்பூசி தோள்பகுதியில் போடப்படுவது, பாதுகாப்பானது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தயக்கமின்றிப் போட்டுக்கொள்ளலாம்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியவை

1. ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுக் காயத்தை 15 நிமிடங்கள் நன்கு கழுவ வேண்டும். கிருமிகளில் பெரும்பகுதி இதிலேயே நீங்கும். சோப்பு ரேபிஸ் வைரஸை அழிக்கும் தன்மையுடையது.

2. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள், எண்ணெய் முதலிய எதனையும் காயத்தில் தடவக் கூடாது. அவை காயத்தைப் புண்படுத்துமே அன்றிக் கிருமியைக் கொல்லா. இறுக்கிக் கட்டுப் போடுதலும் கூடாது.

3. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. மந்திரித்துக்கொள்வதிலும் நாட்டு மருந்திலும் நாளைக் கழித்தல் ஆகாது.

4. சிறு கீறல் என்று அலட்சியம் செய்யற்க. இரத்தம் வந்த காயமாயினும், புண்ணிலோ வாய், கண் பகுதியிலோ நாய் நக்கியிருந்தாலும், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். உடல் தானே எதிர்ப்பொருளை உருவாக்கும்வரை காத்து நிற்பதற்காக, ஆயத்தமாக உள்ள எதிர்ப்பொருள்களைக் காயத்திலேயே செலுத்தும் மருந்து இது.

5. வீட்டு நாய் கடித்தாலும் இவையே பொருந்தும். நாயைப் பத்து நாள்கள் கவனிப்பது நல்லதே. ஆனால் அதற்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடலாகாது. பூனை, குரங்கு கடித்தாலும் மருத்துவரை அணுக வேண்டும்.

தவணை தவற வேண்டாம்

அரசு மருத்துவமனைகளில் பொதுவாக நான்கு தவணைகளாகத் தடுப்பூசி போடப்படுகிறது: முதல் நாள், அதன்பின் 3, 7, 28 ஆகிய நாள்கள். தசையில் போடும் முறையில் 14-ஆம் நாளும் சேர்ந்து ஐந்து தவணைகள் ஆகும். காயம் ஆறியதும், ஒரு நாள் கூலி போய்விடுமே என்று எண்ணிப் பலர் பிந்திய தவணைகளை விட்டுவிடுகின்றனர். காயம் ஆறுவது தோலின் வேலை; அது கிருமி அழிந்ததற்கு அடையாளமன்று. வேலை நிமித்தம் திருப்பூரிலோ வேறு ஊரிலோ தங்கியிருந்தால், தடுப்பூசி அட்டையைக் காட்டி அங்குள்ள அரசு மருத்துவமனையில் தொடரலாம். ஒரு தவணை தவறிவிட்டாலும் தயங்காது சென்று மருத்துவரின் அறிவுரையைப் பெறுக. சர்க்கரை நோய்க்கோ, புற்றுநோய்க்கோ, வேறு நோய்க்கோ மருந்து உட்கொள்வோர் அதனை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தல் வேண்டும்.

குடும்பத்தினர் கவனத்திற்கு

வளர்ப்பு நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். உண்ணும் நாயையும், குட்டியுடன் இருக்கும் நாயையும் சீண்டக் கூடாது என்று குழந்தைகளுக்குக் கற்பியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே வீட்டில் சொல்ல வேண்டும் என்று பழக்குங்கள். அடி விழும் என்று அஞ்சிக் குழந்தை மறைத்துவிட்டால், நோயெதிர்ப்பாற்றலுக்கு நாம் தர வேண்டிய நாள்கள் வீணாகும். சொன்ன குழந்தையைக் கடிந்துகொள்ளாமல், கையைப் பிடித்துக் குழாயடிக்கு அழைத்துச் செல்லுங்கள். சிகிச்சை அங்கிருந்தே தொடங்குகிறது.