வேலையை விடச் சொல்லாத அழைப்பு



இறைவன் அழைக்கிறார் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது குருமடம். வீட்டில் மூன்று பையன்கள் இருந்தால் ஒருவனை அனுப்பலாமா என்று பேசுகிறோம். மற்ற இருவருக்கும், அவர்களுடைய அப்பாவுக்கும் அழைப்பே கிடையாது என்பதுபோல! ஆண்களாகிய நம்மில் பலர் ஞாயிறு திருப்பலியை ஆலய வாசலில், வண்டிக்குப் பக்கத்தில் நின்றே முடித்துவிடுகிறோம். செபமாலையை வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜனவரி 14 அன்று நாம் விழாக் கொண்டாடும் புனித தேவசகாயம் குருவல்லர், துறவியல்லர். திருமணமானவர், மாதச் சம்பளக்காரர். பொங்கல் பரபரப்பில் அவருடைய விழா நம் பங்கில் அமுங்கிப்போகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

1712ஆம் ஆண்டு இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய், பிறகு அதே அரசரின் படையைப் பழக்கினார். குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் உடைந்திருந்த நீலகண்டனுக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் அவர்தான். ஒரு போர்க்கைதி, அதுவும் கத்தோலிக்கக் குரு அல்லாத ஒரு படைவீரர், தன் அலுவலக நண்பருக்குச் சொன்ன மறையுரை அது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவம் தேவசகாயம். மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார்.

இதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். அதே அரண்மனை, அதே வேலை, அதே வீடு. 1749 பிப்ரவரியில் கைதாகும்வரை ஏறக்குறைய மூன்றே முக்கால் ஆண்டுகள் இப்படித்தான் போயின. நாம் சிறையையும் துப்பாக்கிக் குண்டையும் பேசுகிறோம். அந்த மூன்றே முக்கால் ஆண்டுகளைப் பேசுவதே இல்லை. விசாரணையில் விசுவாசத்தைக் கைவிடாத உறுதி ஒரே நாளில் வந்திருக்குமா என்ன?

திருத்தூதர் பவுலும் கொரிந்து நகரில் அக்கிலாவின் வீட்டில் தங்கிக் கூடாரம் செய்யும் தொழிலைப் பார்த்தார். அழைக்கப்பட்டபோது எந்த நிலையில் இருந்தோமோ அதே நிலையில் கடவுளோடு நிலைத்திருக்கச் சொல்லி அந்த ஊர்க்காரர்களுக்கே பின்னர் எழுதினார். தொழில் தெரிந்தவர் எழுதியது அது.

நம் ஊரில் இதைத் தறியிடம் கேட்டால் போதும். கொர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். தறிக்குழியில் உட்கார்ந்து மிதிப்பவர் ஒருவர். பக்கத்தில் இருந்து கரைக்கு நாடா தள்ளிக் கொடுப்பவர் இன்னொருவர். சேலையைக் கட்டுகிறவருக்கு அந்தப் பக்கத்து ஆள் இருந்ததே தெரியாது. அவருடைய கூலியைச் சனிக்கிழமை மாலை சரியாகக் கொடுக்கிறோமா? வெள்ளி இழைத்துத் தங்கமுலாம் பூசிய ஜரிகை என்று சொல்லிவிட்டு மட்டமான ஜரிகையைப் போடாமல் இருக்கிறோமா? வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது, நெய்கிறவருக்குத் தெரியும். கடவுளுக்கு உண்மையாய் இருப்பதை முதலில் அங்கே பார்க்க வேண்டும், பீடத்துக்கு முன்னால் அப்புறம்.

தேவசகாயத்தின் மேல் கோபம் வந்ததற்கு மதம் மாறியது மட்டும் காரணம் அல்ல. உயர்ந்த சாதியில் பிறந்த அவர், எல்லாச் சாதியாரையும் சமமாக மதித்து அவர்களோடு கலந்து பழகினார். அதைப் பொறுக்க முடியவில்லை. எருமையில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்தார்கள். விசுவாசத்தை விட்டால் விடுதலை என்றார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள்.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர். அதற்கு முன்பாக, அவருடைய பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை நீக்கியது. பலர் கேட்டுக்கொண்டதால் நடந்தது அது. ஆனால் தமிழ்நாட்டில் இன்னும் சில ஊர்களில் நம் கல்லறைத் தோட்டங்களே சாதி பார்த்துப் பிரிந்து கிடக்கின்றன. பெயரிலிருந்து எடுத்ததை மண்ணிலிருந்து எடுக்க யாரை எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம்? சாமியாரையா? கல்லறைக் குழுவில் உட்கார்ந்திருப்பது நாம்தானே.

அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு வேன் பிடிக்கிறோம். இந்த முறை பங்கின் ஆண்கள் சேர்ந்து கோட்டாறுக்கும் காற்றாடிமலைக்கும் போய்வரலாம். செங்கல்பட்டில் ரயில் ஏறினால் நாகர்கோவில் ஓர் இரவுப் பயணம். பக்கத்து ஆளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.