தேரை நிறுத்தும் ஒரு அங்குலம்

திருவண்ணாமலைல கார்த்திகைத் தீபத் திருவிழாவோட ஏழாம் நாள் மகா ரதம் மாட வீதியைச் சுத்தி வரும். எல்லாரும் வடம் பிடிக்கிறவங்களைத்தான் பார்ப்பாங்க. என் கண் மட்டும் சக்கரத்துக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட நடக்கிறவர் மேலயே இருக்கும். ஏன்னு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கணக்குக்காகத் தேரின் நிறை 100 டன், அதாவது 1,00,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வேகம் நொடிக்கு அரை மீட்டர். நாம் மெதுவாக நடப்பதைவிடக் குறைவு. ஆனால் உந்தம் (நிறை × வேகம்) 50,000. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 180 கிலோமீட்டரில் போனால் இருக்கும் அதே உந்தம்!

கோயில் மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. அதனால் தெற்கு வீதியில் மேற்கே போகும்போது மேடு, வடக்கு வீதியில் கிழக்கே திரும்பி வரும்போது இறக்கம். நூற்றுக்கு ஒன்று என்ற லேசான சரிவே 9,800 நியூட்டன் விசையைத் தரும். மேட்டில் கூடுதலாக இழுத்துச் சமாளிக்கலாம். இறக்கத்தில்? கயிறு இழுக்கத்தான் செய்யும், தள்ளாது. முன்னால் வடம் பிடித்திருக்கும் ஆயிரம் பேர் சேர்ந்தாலும் வடத்தால் தேரை நிறுத்த முடியாது.

அப்போ ஒரு சின்னக் கட்டை எப்படி நிறுத்துது? அந்த வேகத்தில் தேரின் இயக்க ஆற்றல் ½ × 1,00,000 × 0.5² = 12,500 ஜூல். சக்கரம் சரிவான கட்டைமேல் ஏறும்போது தேரும் உயர்கிறது. அந்த ஆற்றல் நிலை ஆற்றலாக மாறுகிறது. உராய்வை விட்டுவிட்டாலும், தேர் மொத்தமாக 1.3 சென்டிமீட்டர் உயர்ந்தாலே 12,500 ஜூலும் தீர்ந்துவிடும். முன்சக்கரங்கள் மட்டும் ஏறினால், பாதி எடைதான் உயரும் என்பதால், அவை சுமார் ஒரு அங்குலம் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்கு. ஒரு அங்குலம் நான்கு அங்குலம் ஆகிவிடும். கட்டை நசுங்கலாம், தெறிக்கலாம். அதனால்தான் வேகம் பிடிப்பதற்கு முன்பே கட்டை போடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது. அங்கேயும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை. ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் கட்டை போட்டால்தானே தேர் திரும்பும்!

பேச்சில் 'முட்டுக்கட்டை போடாதே' என்றால் திட்டு. தேரடியில் அதுதான் உயிர்க்காப்பு. அடுத்த முறை வடம் பிடிக்கும்போது, 'நிறுத்து' என்று குரல் வந்ததும் வடத்தைத் தளர்த்திடுங்க. சக்கரத்துக்கு முன்னால் மட்டும் நிற்காதீங்க. கட்டை போடுகிறவருக்கு அந்த ஒரு அங்குலம்தான் கையில் இருக்கு.