சேலத்தில் வெயில், ஏற்காட்டில் இதம்: தெரியுமா?

சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தாண்டித் தகிக்கும்போது, ஒரு மணி நேரத்தில் இதமான இடத்துக்குப் போய்விடலாம், தெரியுமா? சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ 1,500 மீட்டர்! மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிந்த காற்று குளிரும். 1,000 மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளில் எட்டு டிகிரி குறைந்துவிடுகிறது!

அந்த 20 வளைவுக்கே தலை சுற்றுகிறதா? கொல்லிமலைக்கு வாருங்கள். அடிவாரக் காரவள்ளியிலிருந்து மேலே போக 70 வளைவுகள்! ஐரோப்பாவில் மான்டினீக்ரோ என்றொரு மலைநாடு இருக்கிறது. அங்கே கோட்டோர் கடற்கரையிலிருந்து மலையேறும் பழைய பாதையைப் பார்க்க உலகமே போகிறது. அதில் 25 வளைவுகள்தான். நம் நாமக்கல் மாவட்டத்தில் 70, அதுவும் பஸ் போகிற பாதையில்! ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருக்கும். முன்சீட்டில் இருப்பவர் எண்ணிக்கொண்டே வருவார், பின்சீட்டில் ஒருவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தபடி கண்ணை மூடியிருப்பார். டிரைவர் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்புவார். எதிரே இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்கும், ஏனென்றால் மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதலிடம்.

மாசி, பங்குனியில் ஏற்காடு போயிருக்கிறீர்களா? அப்போது ஒரு நல்ல மழை பெய்தால் போதும், காபித் தோட்டக்காரர்கள் முகம் மலரும். அதற்குப் பெயர் பூமழை. மழை பெய்து எட்டுப் பத்து நாளில் செடிகளின் மொட்டெல்லாம் ஒன்றாக வெடிக்கும்! கிளை நெடுக வெள்ளை வெளேரென்று பூ, மல்லிகையை ஒத்த வாசனை. இரண்டு மூன்று நாள்தான், பிறகு வாடிவிடும். அதைக் கண்ணால் பார்ப்பதே பாக்கியம் என்பேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே நட்ட காபி, இன்றைக்கும் வானம் பார்த்துத்தான் பூக்கிறது.

இன்னொரு அதிசயம்! ஆடியில் சேலத்தில் சாலை காய்ந்து கிடக்கும், மேட்டூரில் வெள்ளம் புரளும். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும், நிரம்புவது நம் அணை. 2024 ஜூலைக் கடைசியில் மேட்டூர் முழுக் கொள்ளளவான 120 அடியை எட்டியது. அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிடும்போது, உள்ளூரில் மழையே இல்லையே என்று குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையில் ஆற்றில் இறங்குவது ஆபத்து.

அதே ஆடி 17, 18இல் கொல்லிமலையில், அந்த மலையை ஆண்ட வல்வில் ஓரிக்கு விழா. ஆகாய கங்கை அருவியில் தண்ணீர் கொட்டும், சுமார் 300 அடி உயரத்திலிருந்து! ஆனால் அருவிக்குப் போக ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்கியதை ஏறியும் ஆக வேண்டும், முட்டிவலிக்காரர்கள் யோசித்து இறங்குங்கள்.

பயப்பட வேண்டிய காலம் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை வலுத்தால் பாறையும் மண்ணும் ஒருசேரச் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம், சேலத்துக்கு வடக்கே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது! ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. மார்கழியில் மழை ஓயும், மூடுபனி வரும். பத்தடி தூரம் தெரியாது. ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுக் கண்ணையே கூசவைக்கும். லோபீம்தான் சரி.

ஆகவே அன்பர்களே, மழைக்காலத்தில் கிளம்புமுன் பாதை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிடுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியருக்கு மேல் போகாதீர்கள், பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். இருட்டுவதற்குள் அடிவாரம் வந்து சேருங்கள்.