குளமும் பங்கும்

மழை பொய்த்த ஆண்டிலே ஊரில் முதலில் வற்றுவது யாது? இவ்வினாவை அண்மையில் எம் வகுப்பு மாணவரிடம் விடுத்தோம். "குளம்" என்றனர் பலர். கமக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவன் மட்டும், "மேல்வயற்காரர் தண்ணீரை விட மறுத்தால், குளத்துக்கு முன்னே உறவு வற்றிவிடும், ஐயா" என்றான். அவ்விடை எம்மைச் சிந்திக்க வைத்தது.

காலநிலை மாறிவருவதை இன்று யாவரும் உணர்கின்றோம். உரிய காலத்திற் பெய்யாத மழை, பெய்யுங்கால் இரண்டொரு நாளிற் கொட்டித் தீர்க்கின்றது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் இலங்கையின் உலர்வலயம் கொடிய வறட்சியில் வாடியது. அதே 2017 மே மாதத்திலே தென்மேற்கில் வெள்ளமும் மண்சரிவும் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டன.

மிகையையும் குறையையும் ஒருங்கே தாங்குவதற்கு உலர்வலய மக்கள் கண்ட வழி குளத்தொடராகும். ஒரு பள்ளத்தாக்கிலே சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமையும். மேற்குளத்தின் வான் பாயும் நீரும், அதன் வயல்களிலிருந்து வடியும் நீரும் கீழ்க்குளத்தைச் சேரும். குளத்தின் மேற்புறத்து மரச்செறிவும் புல்லும் வண்டலைத் தடுக்கும். மேற்குளத்தின் கட்டு உடைந்தால் கீழூரும் அழியும். ஆதலால் அயலூர்க் கட்டின் நலம் தம் நலமேயாகும். இம்முறையை ஐக்கிய நாடுகளின் உணவு விவசாயத் தாபனம் 2017இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

ஆயினும் மண்ணால் ஆகிய கட்டினும் வலியது மக்கள் செய்துகொண்ட உடன்பாடு. சிங்களக் கிராமங்களில் அதற்குப் 'பெத்ம' என்று பெயர். அறுபது ஏக்கர் வயலுக்கு நீர் வழங்கும் குளத்தில், இருபது ஏக்கருக்கே நீர் உண்டெனக் கொள்வோம். குளத்தை அடுத்த இருபது ஏக்கரை மாத்திரம் விதைப்பர். அந்நிலத்தை அதன் உடையவர் மட்டும் ஆள்வதில்லை; எல்லாரும் தத்தம் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வர். மூன்று ஏக்கர் உடையவனுக்கு ஓர் ஏக்கர் கிடைக்கும். போகம் முடிந்ததும் நிலம் உரியவரிடம் மீளும். வயற்பங்கைச் சிங்களத்தில் 'பங்குவ' என்பர். அச்சொல் நமக்கும் அந்நியமன்று.

இவ்வொற்றுமை குலைந்தால் விளைவது யாதென்பதற்கும் வரலாறு சான்று பகரும். 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே. ஆனால், குளங்களைப் பேணிய கூட்டுழைப்பும் அதனோடு நலிந்தது. அதன் இடத்தில் வேறொன்று உடனே எழவில்லை. குளங்கள் பல தூர்ந்தன. பழைய நீர்ப்பாசன வழக்கங்களுக்கு மீண்டும் வலுவூட்ட 1856இல் அரசு சட்டமியற்ற நேர்ந்தது. கட்டாயத்தால் நடந்ததை இனி மனம் ஒப்பி நடத்தவேண்டும். அதுவே நம் காலத்தின் கடமை.

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு இல்லை, பெருங்குளங்களும் இல்லை. நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? சுண்ணாம்புக் கற்பாறையினுள்ளே, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே நம் கிணறுகளை ஊட்டுகின்றது. வேலிகள் நிலத்தைப் பிரிக்கும். அடியிலுள்ள நீரைப் பிரிக்கமாட்டா. துலா இறைத்த காலத்தில் மனித வலுவே இறைப்புக்கு எல்லை வகுத்தது. இன்று இயந்திரம் ஓய்வின்றி இறைக்கும். அளவு மிஞ்சினால் உவர் மேலேறும். ஒருவர் மிகையாக இறைத்த பழி, அயலவர் வீட்டுக் குடிநீரிலும் உவர்க்கும்.

சிறுபோகத்துக்கு முன் கமக்காரர் கூடி, குளத்து நீரை அளந்து, எத்தனை ஏக்கர் விதைப்பதென முடிவுசெய்கின்றனர். கிணற்று நீருக்கும் அத்தகைய கூட்டம் ஒன்று கூடலாகாதா? எவ்வளவு இறைப்பது, எப்பயிரை நடுவது, தூர்ந்த கேணியையும் ஊர்க்குளத்தையும் யார் யார் எப்போது தூர்வாருவது என்பவற்றைக் கோடைக்கு முன்னரே ஊரவர் ஒருங்கிருந்து பேசித் தீர்க்கலாம். அந்த மாணவனைப் போன்ற பிள்ளைகளையும் அக்கூட்டத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; நாளை அந்நீரை இறைக்கப்போகின்றவர்கள் அவர்களே.