தோள்பையில் தங்கிய கருவிகள்

வேளாண் கண்காட்சிக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பிய உழவர் நம்மில் எத்தனை பேர் இருப்போம்? களைக்கருவி, டார்ச், கவாத்துக் கத்தரி என்று ஏதாவது ஒன்று கூடவே வந்துவிடும். முதல் வாரம் அதற்கு ராஜ மரியாதை. மூணாவது மாசம் மோட்டார் ரூமில் சாக்குக்கு அடியில் கிடக்கும்.

உரமூட்டை வாங்குவதை விட்டோம், மருந்து பாட்டில் வாங்குவதை விட்டோம். கருவிக்குக் கொடுக்கிற காசை மட்டும் செலவுக் கணக்கில் எழுத மறந்துவிடுகிறோம். களைக்கொல்லி அடிக்கிறவருக்கு ஒரு டேங்கு இருந்தால் போதும். நமக்குக் கையும் கருவியும்தான் துணை. கருவி சரியில்லை என்றால் அதன் பாரம் இடுப்பிலும் தோளிலும்தான் இறங்கும். அதிலும் களையெடுக்கிற பெண்களின் இடுப்பில்.

எங்களுக்கு மூன்று ஏக்கர். ஒரு ஏக்கர் நெல், மீதி காய்கறியும் கடலையும், வரப்போரம் தென்னை, முருங்கை. நானும் வீட்டுக்காரம்மாவும் தினமும் இறங்கி வேலை பார்க்கிறோம். களைக்கு இரண்டு பேர் வருவார்கள். தினமும் தோளில் மாட்டிக்கொண்டு போகிற ஒரு கித்தான் பை உண்டு. மூன்று வருஷத்துக்கு மேல் அந்தப் பையில் தங்கிய பொருள்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஒவ்வொன்றையும் மூன்று கேள்வியால் அளந்து பார்த்தேன். சாதாரண நாளில் இது கைக்கு வருகிறதா? வீட்டில் எல்லார் உடம்புக்கும் ஒத்துவருகிறதா? உடைந்தால் நம்ம ஊரிலேயே சரி செய்ய முடியுமா?

அருவாளும் அரமும்

பையில் முதலில் இருப்பது அருவாள். பழைய லாரிப் பட்டையில் எங்கள் பக்கத்து ஊர்ப் பட்டறையில் அடித்தது. கடையில் பளபளவென்று தொங்கும் துருப்பிடிக்காத அருவாளும் வீட்டில் ஒன்று இருக்கிறது. அது பார்க்க அழகு. ஆனால் மழுங்கினால் மறுபடி கூர் ஏற்றுவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. பட்டை அருவாள் துருப்பிடிக்கும், உண்மை. சாயங்காலம் துடைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவி வைத்தால் தீர்ந்தது. பத்து இழுப்பு அரம் போட்டால் கூர் வந்துவிடும்.

அரம் இல்லாத அருவாள் பாதிக் கருவிதான். தட்டை அரம் ஒன்று இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. பையில் எந்நேரமும் இருக்கட்டும். அரத்தை ஒரே பக்கமாகத் தள்ளணும். முன்னும் பின்னும் தேய்த்தால் அரத்தின் பல் போய்விடும். கரண்டு சாணையில் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். விளிம்பு நீலம் பாரித்துவிட்டால் சூட்டில் இரும்பின் உறுதி போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிற்காது. பட்டறையில் கொடுத்து, காய்ச்சி அடித்து, மறுபடி தோய்த்தால்தான் சரியாகும்.

மதிப்பீடு: முதலில் வாங்க வேண்டியது. அரத்தோடு சேர்த்தே வாங்குங்கள்.

களைக்கொத்து

களைக்கொத்து விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கில்லை. களையெடுக்கிறவர்கள்தான் சொல்லணும். எங்கள் தோட்டத்துக்கு வரும் அக்கா ஒருவர், புதுக் களைக்கொத்தைக் கையில் வாங்கி இரண்டு கொத்து கொத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தம்பி, இது ஆம்பள கைக்குச் செஞ்சது. பிடி தடியா இருக்கு. சாயங்காலம் விரல் மடங்காது" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் பெரிய விஷயம் இருக்கிறது. பிடி தடித்திருந்தால் கை முழுசாகச் சுற்றிப் பிடிக்க முடியாது. அதை ஈடுகட்ட இறுக்கிப் பிடிக்கிறோம். நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். பிடியைப் பிடித்துப் பாருங்கள்: பெருவிரல் நுனி, சுற்றி வரும் மற்ற விரல்களைத் தொடணும். அதுதான் சரியான தடிமன். பட்டறை ஆசாரியிடம் சொல்லி, அக்காவின் கைக்கு ஒரு பிடியும் வீட்டுக்காரம்மாவின் கைக்கு ஒரு பிடியும் செதுக்கி வாங்கினோம். நாட்டுக் கருவேலங் கட்டை, நிழலில் காயவைத்தது. அதிலிருந்து யார் களைக்கொத்தையும் யாரும் மாற்றி எடுப்பதில்லை.

நெல்லுக்கு வந்தால் கோனோவீடர். ஒற்றை நாற்று நடவில் 25 செ.மீ. இடைவெளி விட்டு, நட்ட பத்தாம் நாளிலிருந்து பத்து நாளுக்கு ஒரு தடவை ஓட்டினால் களையும் மடங்கும், மண்ணும் கிளறும், வேருக்குக் காற்றும் போகும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை கருவியின் கனத்தில் இருக்கிறது. களிமண்ணில் தண்ணீர் சுண்டியிருந்தால் உருளையில் சேறு அப்பிக்கொண்டு இழுக்கவே முடியாது. மெல்லிசாகத் தண்ணீர் நிற்கும்போது ஓட்டுங்கள். கைப்பிடியின் உயரத்தை மாற்றிக்கொள்ள ஓட்டைகள் உள்ள கருவியாகப் பார்த்து எடுங்கள். உயரம் குறைந்தவர் தோளைத் தூக்கிக்கொண்டு தள்ளினால் அன்று இரவு தூக்கம் வராது.

மதிப்பீடு: களைக்கொத்து பிடிக்கப் போகிறவரைப் பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கோனோவீடர் ஆளுக்கொன்று வேண்டாம். நாலு வீட்டுக்கு ஒன்று போதும்.

நெற்றி விளக்கும் பூட்ஸும்

மும்முனைக் கரண்டு ராத்திரியில் வரும் ஊர்களில் மடை திறக்கப் போகிறவனுக்கு வெளிச்சம் உயிர்க் காப்பு. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். வருஷத்துக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமத்துக்காரர்கள், பெரும்பாலும் மழைக்காலத்தில். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலும் நம் வரப்பிலும் வைக்கோல் போரிலும் இருப்பவைதான்.

கையில் பிடிக்கும் டார்ச் மடை வேலைக்கு உதவாது. மம்பட்டி பிடிக்க இரண்டு கையும் வேணும். நெற்றியில் மாட்டும் விளக்கு போகிற பாதையைக் காட்டும், கையும் சும்மா இருக்கும். வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பல விளக்குகளில் 18650 என்ற அளவுள்ள லித்தியம் பேட்டரி இருக்கும். அந்த அளவு பேட்டரியில் 3,500 மில்லி ஆம்பியர் மணி என்பதே ஏறத்தாழ உச்சம். 9,900 என்று அச்சடித்திருந்தால் அது வெறும் எழுத்து. தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல பேட்டரி 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம்கூட இல்லை என்றால் ஏமாத்து வேலை. மழைநீர் புகாததா, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியுமா என்று பாருங்கள். மஞ்சள் வெளிச்சமும் இருந்தால் நல்லது, முகத்தில் பூச்சி மொய்ப்பது குறையும்.

முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் வெயிலில் வேகும். பகலெல்லாம் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடியாது. அதனால் ராத்திரி மடைக்கும், புல் அறுக்கவும், வைக்கோல் உருவவும் மட்டும் போடுகிறேன். போடும் முன்னே தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிவிடுங்கள். தேளும் பாம்புக்குட்டியும் ஒதுங்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

இவ்வளவும் செய்தும் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போகணும். கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலியே தெரியாது. அதனால் "ஒண்ணும் இல்ல"ன்னு படுத்துவிடக் கூடாது.

மதிப்பீடு: காசு கொஞ்சம் கூடப் போனாலும் தரமாக வாங்க வேண்டியது இவை இரண்டும்தான்.

முள்வாங்கி, கோணூசி, துண்டு

சின்னப் பொருள்கள், ஆனால் தினமும் தேவைப்படுபவை. சீமைக்கருவேல முள் ஏறினால் அப்போதே எடுக்கணும். முறிந்து உள்ளே தங்கினால் சீழ் வைத்துவிடும். அந்தக் காலத்தில் இடுப்பில் சுருக்குப் பை, அதில் முள்வாங்கி என்று திரிந்த பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது. கோணூசியும் கொஞ்சம் சணலும் இருந்தால் சாக்குக் கிழிந்தாலும் பை வார் அறுந்தாலும் அங்கேயே தைத்துக்கொள்ளலாம்.

துண்டைப் பற்றித் தனியாக எழுதணுமா? தலைக்கு வெயில், தோளுக்குச் சும்மாடு, கைக்குத் துடைப்பான், கீரைக்கு மூட்டை. இத்தனை வேலை செய்யும் வேறு பொருளை நான் பார்த்ததில்லை. பரிசாக வந்த, பன்னிரண்டு கருவியை மடித்து வைத்த வெளிநாட்டுக் கத்தி ஒன்றும் எங்கள் வீட்டில் உண்டு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும். பையிலிருந்து அது வீட்டு அலமாரிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

கைக்கண்ணாடி

பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சின்ன லென்ஸ். பூச்சிவிரட்டி அடிப்பதா வேண்டாமா என்று இதை வைத்துத்தான் முடிவு செய்கிறோம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி என்பது பொது அடையாளம். இலையைத் திருப்பி லென்ஸில் பார்த்தால் சந்தேகம் தீரும்.

அதைவிட முக்கியம், நல்லது செய்யும் பூச்சியை அடையாளம் காண்பது. பொறிவண்டின் புழு கறுப்பாக, முள்முள்ளாக இருக்கும். பார்த்த உடனே நசுக்கத் தோன்றும். அது அசுவினியைத் தின்னும் நம் ஆள். முடி போன்ற காம்பின் நுனியில் வெள்ளையாக நிற்பது கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டை. அசுவினிக் கூட்டத்தில் சில மட்டும் ஊதிப் பழுப்பாக இருந்தால், குளவி அதற்குள் முட்டை வைத்துவிட்டது. இவற்றைப் பார்த்துவிட்டால் அன்று டேங்கைத் தூக்க வேண்டியதில்லை.

டேங்கு என்றதும் ஒரு வார்த்தை. 16 லிட்டர் தெளிப்பான் நிரம்பினால் முதுகில் 20 கிலோவுக்கு மேல் ஏறும். பத்து லிட்டர் மட்டும் ஊற்றி அடித்தால் நடை கூடும், முதுகு பிழைக்கும். பஞ்சகவ்யத்துக்கு மூன்று சதவீதம் என்றால் பத்து லிட்டருக்கு 300 மில்லி. இரண்டு தடவை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். அடைப்பு எடுக்கவே அரை நாள் போகிற கதை தீரும்.

மதிப்பீடு: லென்ஸ் விலை குறைவு, பலன் பெரிது. பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள்.

நோட்டும் பென்சிலும்

கைபேசியில் குறித்து வைக்கலாமே என்பார்கள். சேற்றுக் கையோடு கைபேசியைத் தொட முடியாது. சட்டைப் பை அளவு நோட்டும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், நனைந்தால் மை கரைந்துவிடும். விதைத்த நாள், தண்ணீர் விட்ட நாள், ஆள் கூலி, அறுத்த எடை, மழை அளவு. அவ்வளவுதான். பி.ஜி.எஸ். எனப்படும் பங்கேற்பு உத்தரவாதச் சான்றில் இருக்கும் குழுக்களுக்குப் பண்ணைக் குறிப்பு எப்படியும் வேணும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதுவதைவிட வயலிலேயே எழுதுவது நேர்மையாக இருக்கும்.

மழை அளவுக்குக் காசு கொடுத்து மானி வாங்க வேண்டியதில்லை. பக்கம் நேராக இருக்கும் இரண்டு லிட்டர் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாகச் செருகுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, நேர்ப்பக்கம் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே சுழியக்கோடு போடுங்கள். பக்கத்தில் அளவுகோல் ஒட்டினால் மழைமானி தயார். காலை 8.30-க்குப் பார்த்து எழுதுங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். 25 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். இந்தக் கணக்குத் தெரிந்தபிறகு வரப்பை உயர்த்தாமல் இருக்க மனசு வராது.

புதிதாக இறங்குகிறவர்களுக்கு

முதல் வருஷம் அருவாள், அரம், கைக்கு அளவெடுத்த களைக்கொத்து, மம்பட்டி, நெற்றி விளக்கு, பூட்ஸ், லென்ஸ், நோட்டு. இதற்கு மேல் வேண்டாம். மற்றதை ஒரு போகம் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காக ஒரு கருவியை வாங்காதீர்கள். வேலை இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் மானியம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாகப் பட்டறையைப் பற்றி. எங்கள் சுற்று வட்டாரத்தில் நாலு பட்டறை இருந்தது. இப்போது ஒன்றுதான். "வேலை வந்தாத்தானே தம்பி உலையைப் பத்த வைக்கிறது. கரி விலைக்கே கட்டல" என்கிறார் ஆசாரி. அவருக்கு வயது அறுபத்தி எட்டு. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறான். அந்த உலை அணைந்துவிட்டால் மேலே எழுதிய அருவாளும் களைக்கொத்தும் தேய்ந்தால் தூக்கிப் போடும் பொருளாகிவிடும். கைக்கு அளவெடுத்துப் பிடி போட ஆள் இருக்காது.

எங்கள் குழுவில் பன்னிரண்டு வீடு. போகம் தொடங்குவதற்கு முன்னால் எல்லார் கருவியையும் ஒரே நாளில் சேர்த்துப் பட்டறைக்குக் கொண்டு போகிறோம். ஒரு முழு நாள் வேலை சேர்ந்து வருவதால் உலை மூட்டியது அவருக்கும் கட்டுகிறது. போன தடவை குழுவில் இருக்கும் இளவட்டம் ஒருவன் துருத்தி சுற்றினான். இந்தத் தடவை பிடி செதுக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். உங்கள் ஊரில் பட்டறை இன்னும் இருந்தால் இந்த மாதமே ஒரு நாள் குறியுங்கள்.